தொண்டைமானின் அலமாரி

ஆர்.கே.பேட்டைக்கு விருந்தாளி வந்தால் ஊரார் திருத்தணி மலைக்கு அழைத்துப் போவார்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்களைச் சோளிங்கர் மலைக்கு. நான் மட்டும் எங்கள் விசைத்தறிக் கம்பெனியின் ஆபீசுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. எப்போதும் பூட்டியிருக்கும். சாவி முதலாளியிடம். உள்ளே நீல அட்டை போட்ட ஏழு ஃபைல்கள் நான்காம் நம்பரில் தொடங்கிப் பத்தாம் நம்பரில் முடியும். ஐ.எஸ்.ஓ. 9001 தர மேலாண்மை நெறியில் மொத்தம் பத்து அத்தியாயங்கள். முதல் மூன்றும் எல்லை, மேற்கோள், சொற்பொருள் என்று முகவுரையாகப் போய்விடும். கம்பெனி செய்தாக வேண்டியவை எல்லாம் 4 முதல் 10 வரைதான். ஆகவே ஏழு ஃபைல்கள். இவ்வளவு துல்லியமான கணக்கு எங்கள் கூலிப் புத்தகத்தில்கூட இல்லை.

எவ்வளவு அழகாக இருக்கின்றன என்கிறீர்கள்! ஒரு காகிதத்திலும் எண்ணெய்க் கறை இல்லை, மடிப்பு இல்லை, பென்சில் கிறுக்கல் இல்லை. தறிச் சத்தத்தில் சுவரே நடுங்கும் கட்டடத்தில், நூல் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் பறக்கும் இடத்தில், இப்படி ஏழு ஃபைல்களைக் கன்னி கழியாமல் காப்பாற்றுவது சாமானியமான காரியமா? அந்துருண்டை போட்டிருக்கிறோம். ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் இந்த அலமாரிக்குத்தான் சந்தனமும் குங்குமமும்.

தொண்டை நாட்டுக்கு இது புதிய வழக்கம் அல்ல. அதியமானின் தூதாக ஔவையார் இந்தச் சீமைக்கு வந்தபோது தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைத் திறந்து காட்டினான். ஔவை அந்த ஆயுதங்களின் பளபளப்பையும் பத்திரத்தையும் பாராட்டினார். தன் அரசனுடையவை இப்படி இல்லை, ஓயாமல் கொல்லன் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அது வஞ்சப்புகழ்ச்சி என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பள்ளியில் படித்த காலம் முதல் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அம்மையார் மனதாரத்தான் புகழ்ந்திருப்பார். ஆயுதத்தைத் துடைத்து வைப்பதில் இருக்கும் சிரமம் துடைத்தவனுக்குத்தான் தெரியும்.

தரச்சான்று பிறந்ததும் ஆயுதச் சாலையை ஒட்டித்தான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ராணுவத்துக்குச் சரக்கு கொடுப்பவன் கடைசியில் ஒரு முறை சோதித்துத் தந்தால் போதாது, செய்யும் முறையையே ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கப் படைத்துறை 1959இல் ஒரு விதி எழுதியது. அந்த வழியில் பிரிட்டன் 1979இல் தன் தொழில்களுக்கென்று ஒரு தர நெறி வெளியிட்டது. 1947 முதல் இயங்கும் ஜெனீவாவின் ஐ.எஸ்.ஓ. அமைப்பு 1987இல் அதை உலகத்துக்கே பொதுவாக்கியது. பிறகு 1994, 2000, 2008, 2015 என்று திருத்திக்கொண்டே வந்தார்கள். ஒரு நெறியை நாலு முறை திருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எங்களுடையதை ஒரு முறைகூடத் திருத்த வேண்டி வரவில்லை.

இந்தத் திருப்பணியில் எனக்கும் அணில் பங்கு உண்டு. கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, “இன்னிலேந்து நீதான் எம்.ஆர்.” என்றார். மேலாண்மைப் பிரதிநிதி என்று பொருள். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்படி ஒரு பதவி கட்டாயம் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். தரத்துக்கு முதலாளியே பொறுப்பேற்க வேண்டும், இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு நகரக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். எங்கள் முதலாளி அப்படிக் கல்நெஞ்சக்காரர் அல்ல. இருந்த பதவியை ஒழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

தரக் கையேடும் அப்படித்தான். 2015க்குப் பிறகு கையேடு என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. தேவையான தகவல் தேவையான இடத்தில் எழுத்தில் இருந்தால் போதும். ஆனால் கேட்டதைக் கொடுப்பவன் வியாபாரி, கேட்காததையும் கொடுப்பவன்தான் வள்ளல். சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட் 84 பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார். ஒரே வாரத்தில்! தறிப்பட்டறைக்குள் அவர் ஒரு முறைதான் எட்டிப் பார்த்தார், அதுவும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க. 31ஆம் பக்கத்தில், கான்கிரீட் கலவையை ஊற்றிய 28ஆம் நாள் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்று இருந்தது. சேலை நெய்யும் இடத்தில் கான்கிரீட் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. நாளைக்கே முதலாளி கட்டடத் தொழிலில் இறங்கினால் கையேடு தயாராக இருக்க வேண்டும் அல்லவா? இடர்களை முன்கூட்டியே யோசிக்கச் சொல்வதும் அந்த நெறியின் ஆறாம் அத்தியாயம்தான்.

வாசலில் மாட்டியிருக்கும் தரக் கொள்கைப் பலகையைச் சொல்லாமல் விட்டால் குற்றம். இந்தச் சீமை எல்லைப் போராட்டம் எல்லாம் நடந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றைக்கும் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். பலகையில் எந்த மொழி எழுதினாலும் ஒரு தரப்பு வருத்தப்படும். ஆகவே ஆங்கிலத்தில் எழுதினோம். இரு தரப்புக்கும் சமமாகப் புரியவில்லை. இவ்வளவு நேர்மையான எல்லைத் தீர்வு அந்தக் காலத்துக் கமிஷன்களுக்கே தோன்றியிருக்காது. ஊழியர்களுக்குக் கொள்கை எடுத்துச் சொல்லப்பட்டு, அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும் என்பது நெறியின் ஐந்தாம் அத்தியாயம். அதற்கும் வழி செய்தோம். எல்லாரையும் பலகைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்து ஐந்தாம் நம்பர் ஃபைலில் வைத்தோம்.

அன்றாடச் சோதனைத் தாள் என்று ஒன்று உண்டு. தறி ஒவ்வொன்றுக்கும் தினமும் எண்ணெய் விட்டார்களா, நாடா சரியாக ஓடுகிறதா, இஞ்சுக்கு ஊடை இழை எத்தனை விழுகிறது என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை போட்டுப் பாட்டுப் பாடி ஒரே மூச்சில் ஏறிவிடுவார்கள். அந்த பக்தி மார்க்கத்தைத்தான் நாங்களும் பின்பற்றினோம். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி நானும் சூப்பர்வைசரும் உட்கார்ந்து 365 நாளையும் ஏறி முடித்தோம். கை ஒரே மாதிரி தெரியக் கூடாது என்று நாலு நிறப் பேனா. விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஆடிக் கிருத்திகைக்கும் டிக் அடித்துவிட்டோம். ஆடிக் கிருத்திகையன்று ஆர்.கே.பேட்டையில் தறி ஓடியது என்று சொன்னால் முருகனே நம்பமாட்டார். காவடி எடுக்காதவனும் அன்றைக்கு மலையடிவாரத்தில்தான் இருப்பான். ஆனால் எங்கள் தாளின்படி அன்று எல்லாத் தறியும் ஓடின, இழை எண்ணிக்கையும் இம்மி பிசகவில்லை. ஆள் இல்லாத பட்டறையில் இவ்வளவு தரம் வருகிறது என்றால் முறை எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்!

உள் தணிக்கைக்கு வருவோம். தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது, பாரபட்சம் இல்லாத வேறொருவர் பார்க்க வேண்டும். எங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. கலியாண மொய் எழுதிப் பழகிய ஊர் இது. ஸ்டோரைக் கணக்குப் பிரிவு பார்த்தது, கணக்கை ஸ்டோர் பார்த்தது. நான் ஸ்டோர்காரருக்குக் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதினேன். அவரும் அதே தொகையைத் திருப்பி எழுதினார். ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாடிக்கையாளர் புகார்ப் பதிவேடு எனக்கு ரொம்பப் பிடித்த இலக்கியம். மாதத்துக்கு ஒரு வரி: ‘இல்லை’. புகார்கள் வருகின்றன, இல்லாமல் என்ன. முதலாளியின் செல்போனுக்குக் குரல் பதிவாக வரும், அதில் பாதி எழுதத்தக்க வார்த்தைகளாக இருக்காது. பதிவேட்டின் கண்ணியத்தை உத்தேசித்து அவற்றை விட்டுவிடுவோம். திருப்தி ஆய்வுப் படிவங்கள் தனி. எல்லா வியாபாரிகளும் பத்துக்குப் பத்து, எல்லாரும் ஒரே மை.

இந்தப் பெருமைகளுக்கு நடுவே திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு விஷயம் இருந்தது. அது மேஸ்திரியின் நோட்டு.

எங்கள் மேஸ்திரி நாற்பது வருஷமாகத் தறி பார்ப்பவர். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு. மேல் அட்டை போய், பழைய காலண்டர் அட்டையை வைத்துத் தைத்திருப்பார். எண்ணெய், வெற்றிலைச் சாறு, சாயம் மூன்றும் ஏறி எந்த நிறம் என்று சொல்ல முடியாது. இருப்பிடம் எண்ணெய்க் கேனுக்குப் பின்னால். அதில் பாதி தெலுங்கு, பாதி தமிழ், பாதி அவருக்கு மட்டுமே தெரிந்த கோடுகள். எந்த பீமில் எந்த லாட் நூல் ஏறியது, எந்த நாள் எந்தப் பட்டறைச் சாயம், யார் நெய்தது, எந்தத் தறியில் பாவு இழை அடிக்கடி அறுகிறது, யார் மடித்தது. கணக்கில் மூன்று பாதி வருகிறது என்பீர்கள், நோட்டே அப்படித்தான், விளிம்பிலும் எழுதியிருக்கும். ஒழுங்கு என்பது மருந்துக்கும் கிடையாது. ஆடிட் நாளில் அதை யாராவது பார்த்துவிட்டால் ‘கட்டுப்படுத்தப்படாத ஆவணம்’ என்று எழுதிவிடுவார்கள் என்று கன்சல்டன்ட் எச்சரித்திருந்தார். ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள் அந்த நோட்டு மேஸ்திரியின் சைக்கிள் கேரியரில் அவர் வீட்டுக்குப் போய்விடும்.

மூன்றாம் வருஷம் நகரிப் பக்கத்து வியாபாரி ஒருவர் முப்பது சேலையைத் திருப்பி அனுப்பினார். நீளம் குறைகிறது. ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டியது அரையடிக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுகிறது. முதலாளி நெய்தவர்களைக் கூப்பிட்டுக் கத்தினார். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் கேனுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

“நெய்ததுல குறை இல்ல நைனா,” என்றார் என்னிடம். “இதே பீம்ல வந்த மத்த சேலைங்கோ காஞ்சிபுரம் போச்சு. அங்கேந்து ஒரு சத்தமும் வரல. இந்த முப்பதும் ஒரே நாள்ல மடிச்சது. மடிச்சது புதுப் பையன்.”

மடிப்பு மேஜைக்குப் போனோம். அதன் ஓரத்தில் ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல் பதித்திருக்கும். ஒரு மாதத்துக்கு முன்புதான் அதை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பி, சான்று வாங்கி, ஏழாம் நம்பர் ஃபைலில் வைத்திருந்தோம். அளவுக் கருவி சரிபார்க்கப்பட்டதா என்பது பார்த்ததும் தெரிய வேண்டும் என்று நெறி சொல்கிறது. தெரிந்தது. பச்சை நிறத்தில், தேதி, கையெழுத்து, அடுத்த தேதி எல்லாம் போட்ட ஸ்டிக்கர். அதை ஸ்கேலின் தொடக்கத்தில் ஒட்டியிருந்தேன். முதல் இரண்டு சென்டிமீட்டர் அதற்கு அடியில். புதுப் பையன் ஸ்டிக்கர் முடியும் இடத்தில்தான் ஸ்கேல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் கண்ணுக்கு அங்கேதான் கோடு தொடங்கியது. ஐந்து முழு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர், கடைசி அரை மீட்டருக்கு இரண்டு, ஆகச் சேலைக்குப் பன்னிரண்டு. அளவு சரி என்பதற்கு ஒட்டிய அத்தாட்சியே அளவைத் தின்றுவிட்டது. கற்பனை செய்ய வேண்டும் என்றால்கூட எனக்கு இவ்வளவு தோன்றியிருக்காது.

மேஸ்திரி இடுப்பிலிருந்த பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். பையனைக் கூப்பிட்டு, “இங்கேந்து பிடி நைனா,” என்று விரல் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். நோட்டில் ஒரு வரி எழுதினார். குறை எங்கே நுழைந்தது என்று தடம் பிடித்துப் போய், காரணத்தைக் கண்டு, மறுபடி வராமல் அடைப்பது பத்தாம் அத்தியாயத்தின் வேலை. அவர் அதைப் படித்ததில்லை. எங்கள் பத்தாம் நம்பர் ஃபைல் அந்த நேரத்தில் பூட்டிய அலமாரியில் நிம்மதியாக இருந்தது. அந்த மாதப் பதிவேட்டில் நான் வழக்கம்போல் ‘புகார்: இல்லை’ என்று எழுதினேன்.

சென்னையில் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே முதலில் வாங்கியது அதுதான். திருவள்ளூர் வழியாக பஸ்ஸில் போகும்போது எங்கள் முதலாளி அதன் மதிலைக் காட்டி, “நாமும் அந்த வழிதான்,” என்பார். வழி ஒன்றுதான், சந்தேகமில்லை. அவர்கள் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கினார்கள், நாங்கள் அப்படியே கோயம்பேடு வரைக்கும் போய்விடுகிறோம்.

சான்றுக்கு மூன்று வருஷம் ஆயுள், நடுவில் வருஷத்துக்கு ஒரு கண்காணிப்புத் தணிக்கை. ஐ.எஸ்.ஓ. அமைப்பு தானாக யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. கொடுப்பவை தனி நிறுவனங்கள். அவற்றின் தகுதியைப் பார்க்க நம் நாட்டில் 1997இல் வந்த இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் என்.ஏ.பி.சி.பி. என்ற வாரியம் இருக்கிறது. அந்த அங்கீகாரம் உள்ளவர்கள் ஆள் கணக்கைப் பார்த்து, இத்தனை நாள் தணிக்கை என்று உட்கார்ந்துவிடுவார்கள். சான்று தருபவரும் ஆலோசனை சொல்பவரும் ஒட்டி உறவாடக் கூடாது என்பதும் விதி. எங்கள் சான்றிதழில் அந்த வாரியத்தின் முத்திரை இல்லை. அதற்குப் பதில் ஒரு கழுகும் பூமி உருண்டையும் இருக்கின்றன, தங்க நிறத்தில். தணிக்கை செய்ய வந்தவர் கன்சல்டன்ட்டின் காரிலேயே வந்தார். எரிபொருள் சிக்கனம்.

காலை பதினொன்றுக்கு வந்தார். ஏழு ஃபைல்களையும் இரண்டு கையாலும் வாங்கினார். “இப்பிடி ஒரு டாக்குமெண்டேஷனை நான் பார்த்ததில்லை சார்,” என்றார் முதலாளியிடம். ஆடிக் கிருத்திகைப் பக்கத்தில் அவர் விரல் ஒரு கணம் நின்றது. எனக்கு மூச்சு நின்றது. “தினமும் தவறாமல் போட்டிருக்கீங்க. எத்தனை கம்பெனியில லீவு நாள் விட்டுடறாங்க தெரியுமா?” என்று பக்கத்தைத் திருப்பினார். கான்கிரீட் பக்கத்தையும் மரியாதையோடு கடந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, மலையில் சாயங்கால தரிசனத்துக்கு நேரமாகிறது என்பதால், பட்டறையை ஒரு சுற்று மட்டும் வந்தார்.

மடிப்பு மேஜை அருகே நின்றார். குனிந்தார். ஸ்கேலைத் தடவிப் பார்த்தார். “ஸ்டிக்கர் எங்கே?”

மூன்று வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே குறை அது. அளவுக் கருவியில் நிலை அடையாளம் இல்லை. சிறிய வகைக் குறைபாடு, முப்பது நாளுக்குள் சரிசெய்து போட்டோ அனுப்ப வேண்டும். கண் என்றால் அது கண். நாற்பது தறி ஓடும் சத்தத்தில், முப்பது சேலை திரும்பி வந்த கட்டடத்தில், இல்லாத ஒரு சின்னக் காகிதத்தைக் கண்டுபிடிப்பதற்கு எத்தனை வருஷ அனுபவம் வேண்டும்!

படிவத்தை நான்தான் நிரப்பினேன். மூல காரணம்: பணியாளரின் கவனக்குறைவு. திருத்த நடவடிக்கை: சம்பந்தப்பட்டவருக்குப் பயிற்சி. இந்த இரண்டு வரியும் சூடம் மாதிரி, எந்தச் சாமிக்கும் காட்டலாம். சம்பந்தப்பட்டவர் மேஸ்திரி. ஆகவே நாற்பது வருஷம் தறி பார்த்தவருக்கு, ஸ்டிக்கரைப் பேணுவது எப்படி என்று நான் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவர் கைகட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் “சரி நைனா” என்று வருகைத் தாளில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

புது ஸ்டிக்கர் வந்தது. எங்கே ஒட்டுவது என்று கேட்டதற்குக் கன்சல்டன்ட், ஃபைலில் இருக்கும் பழைய போட்டோவோடு ஒத்துப்போக வேண்டும் என்றார். அதனால் அதே இடத்தில், முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒட்டினோம். இப்போது மேஸ்திரி தினமும் காலையில் தறி ஓட்டுவதற்கு முன்னால் மேஜைப் பலகையில், ஸ்கேல் உண்மையில் தொடங்கும் இடத்துக்கு நேராக, சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார். பையன் அந்தக் கோட்டிலிருந்து பிடிக்கிறான். அந்தக் கோட்டுக்கு ஆவண எண் கிடையாது என்பதால் ஆடிட் அன்றைக்கு மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறோம்.